மதுரை மலைக்குகைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சமணக் குகையை எட்டிவிடலாம். அழகர்மலை, மாங்குளம், அரிட்டாபட்டி, யானைமலை, திருவாதவூர், திருப்பரங்குன்றம், முத்துப்பட்டி, கீழக்குயில்குடி, கொங்கர் புளியங்குளம், விக்கிரமங்கலம் என்று வரிசை நீளும். இப்போது இந்த இடங்களுக்குக் கூட்டம் வருகிறது. அது நல்லதுதான். ஆனால் வருகிறவர்களில் பலர் "முன்னோர் ஒளித்துவைத்த ரகசிய ஞானம்" ஒன்றைத் தேடி வருகிறார்கள். இங்கே யாரும் எதையும் ஒளிக்கவில்லை. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, யார் காப்பது என்பதை நாலு பேர் கண்ணில் படும்படி பாறை நெற்றியில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவசரமாகப் படிப்பதால் நாம்தான் அதைத் தவறவிடுகிறோம். எங்கெங்கே தவறுகிறோம் என்று பார்ப்போம்.

பஞ்சபாண்டவர் படுக்கை

ஊரில் கேட்டால் பெரும்பாலான குகைகளுக்கு இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். ஊர்ப்பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். அதையே வரலாறாக எழுதும்போதுதான் சிக்கல். பாண்டவருக்கும் இந்தப் படுக்கைகளுக்கும் தொடர்பு காட்டும் ஒரு எழுத்துகூட இந்தக் குகைகளில் இல்லை. இவை சமணத் துறவிகள் மழைக்காலத்தில் தங்குவதற்காக வெட்டித் தரப்பட்டவை. மழையில் புழு பூச்சிகள் பெருகும். நடந்தால் உயிர்க்கொலை நேரும் என்பதால் அந்த மாதங்களில் துறவிகள் ஓரிடத்தில் தங்கினார்கள்.

குகையைப் பார்த்ததும் படுக்கைகளை எண்ணத் தொடங்காமல் முதலில் மேலே பாருங்கள். பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே வராமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். இயற்கைக் குகை வசிப்பிடமாக மாறியதற்கு முதல் அடையாளம் இந்த நீர்வடி விளிம்புதான். கல்வெட்டு பெரும்பாலும் அதன் மேலோ கீழோ இருக்கும். அடுத்து, குகை வாசலை ஒட்டிய பாறையில் வட்டக் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பந்தல் கால் நட்ட குழிகள் அவை. கொங்கர் புளியங்குளத்தில் கூரை வேய்ந்து கொடுத்தவரைப் பற்றிய கல்வெட்டே உண்டு. இதற்கெல்லாம் பிறகு படுக்கைக்கு வாருங்கள். ஆள் நீளத்துக்கு வழவழப்பாகத் தேய்த்து, தலைப்பக்கம் சற்று மேடாக விட்டிருப்பார்கள்.

எழுத்தை அசோகர் கணக்கில் படிப்பது

அசோகர் காலப் பழைய எழுத்தான பிராமியின் அட்டவணையை இணையத்தில் இறக்கி, கைப்பேசியில் வைத்துக்கொண்டு, கல்லோடு ஒப்பிட்டு எழுத்துக்கூட்டுவது இப்போது பரவியிருக்கிறது. ஆர்வத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அட்டவணை பெரும்பாலும் அசோகரின் பிராகிருதக் கல்வெட்டுகளுக்கானது. தமிழிக்கு, அதாவது தமிழுக்கு ஏற்ப மாற்றிய பிராமிக்கு, அது அப்படியே பொருந்தாது. காரணங்கள் இரண்டு.

ஒன்று, ழ, ள, ற, ன ஆகிய நான்கும் தமிழுக்காகவே உருவானவை. அசோகர் அட்டவணையில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. கிட்டத்தட்ட ஒத்திருக்கும் வேறொரு எழுத்தைப் போட்டுவிடுவோம்.

இரண்டாவதுதான் பெரிய குழி. அசோகர் முறையில் எழுத்து வெறுமனே நின்றால் "க", பக்கத்தில் ஒரு சிறு கோடு சேர்ந்தால் "கா". தமிழியின் தொடக்க முறையில் வெறும் எழுத்து "க்" என்ற மெய். கோடு சேர்ந்தால் அது "க" ஆகவும் இருக்கலாம், "கா" ஆகவும் இருக்கலாம், சொல்லை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "மகன்" என்று எழுதியிருப்பதை அசோகர் கணக்கில் படித்தால் "மாகான" என்று வரும். அப்படி ஒரு தமிழ்ச்சொல் கிடையாது என்பதால் "இது ஏதோ மறைமொழி" என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள். ரகசிய ஞானக் கதைகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. மாங்குளம் கல்வெட்டை ராபர்ட் சிவெல் 1882இல் கண்டறிந்தார். இந்தக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்பதை கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். இடையில் நாற்பது ஆண்டுகள் போயிருக்கின்றன. கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் இந்த எழுத்துமுறையை மூன்று கட்டமாகப் பிரித்துக் காட்டிய பிறகுதான் வாசிப்பு உறுதிப்பட்டது. மெய்க்குப் புள்ளி வைப்பது மூன்றாம் கட்டத்தில் வருகிறது. அதனால் எழுத்துக்கூட்டும் முன் கல்வெட்டு எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயம் ஒன்றும் உண்டு. பிராமியில் "ர" என்பது ஏறக்குறைய ஒற்றைச் செங்குத்துக் கோடு. பாறை வெடிப்பும் அப்படித்தான் தெரியும். கோட்டின் இரு முனையையும் பாருங்கள். உளி போட்ட கோடு ஓரளவு ஒரே ஆழத்தில் போய் நின்றுவிடும். வெடிப்பு மெலிந்து மெலிந்து அடுத்த எழுத்துக்குள்ளும் நுழையும்.

"வி" என்ற ஒரு எழுத்தை விழுங்குவது

நாம் செய்யும் தவறுகளிலேயே அதிகம் இழக்க வைப்பது இதுதான்.

மாங்குளம் கல்வெட்டை "நெடுஞ்செழியன் வெட்டிய குகை" என்று எழுதுகிறார்கள். அதில் இருப்பது வேறு. கணி நந்தன் என்ற துறவிக்காக, நெடுஞ்செழியனின் அலுவலனான கடலன் வழுதி என்பவன் "கொட்டுபித்த" பள்ளி, அதாவது துறவிகள் தங்குமிடம், என்பதே செய்தி. கொட்டுபித்த என்றால் கொத்துவித்த. மன்னன் பெயர், அலுவலன் யாருடைய ஆள் என்று சொல்வதற்காக வருகிறது. உளி பிடித்தவர் யாரோ. அவர் பெயர் இல்லை. மற்ற குகைகளில் வரும் "கொடுபிதவன்" என்பதும் கொத்துவித்தவன், கொடுப்பித்தவன் என்றுதான் பொருள்படும். ஆயிரம் ஆண்டு கழித்து வட்டெழுத்து என்ற பிற்காலத் தமிழ் எழுத்தில் "செய்வித்த", "செய்விச்ச" என்று வரும்போதும் இதே பிறவினைதான். "அச்சணந்தி செதுக்கிய சிற்பம்" என்று அறிவிப்புப் பலகை பாணியில் எழுதுவது அதனால் பிழை. அச்சணந்தி சமணத் துறவி. மதுரை மலைகள் பலவற்றிலும் தேனிப் பக்கம் உத்தமபாளையத்திலும் திருமேனிகளைச் செய்வித்தவர். கீழக்குயில்குடி பேச்சிப்பள்ளத்தில் அவருடைய தாய் குணமதியார் செய்வித்த திருமேனியும் இருக்கிறது. மகன் துறவி, தாய் திருமேனி செய்வித்தவர். எட்டுச் சிற்பங்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பாறையடியில் நின்று இதைப் படிக்கும்போது நெஞ்சு நெகிழாமல் இருக்காது.

"வி"யை விழுங்கினால் கொடையாளர்கள் மறைந்து, அரசனும் கலைஞனும் மட்டுமே மிஞ்சுவார்கள். அழகர்மலைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே கொடுத்தவர்களில் மதுரைப் பொற்கொல்லர் இருக்கிறார், உப்பு வணிகர் இருக்கிறார், கொழு வணிகர் இருக்கிறார், அறுவை வணிகர் இருக்கிறார். கொழு என்பது ஏர்முனை இரும்பு. அறுவை என்பது துணி. முத்துப்பட்டியில் முசிறி என்ற துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய ஒருவர் வருகிறார். மாங்குளத்திலேயே வெள்ளறை நிகமத்தார், அதாவது ஒரு வணிகக் குழுவினர், கொடுத்திருக்கிறார்கள். அன்றைய மதுரைச் சந்தையே பாறையில் இருக்கிறது. இதைவிட்டு வேறு எந்த மறைஞானத்தைத் தேடுவது?

பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்றே என்று கொள்வதும் இதோடு சேர்ந்த பிழை. மாங்குளத்து நெடுஞ்செழியனை உடனே கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியனாகவோ, தலையாலங்கானத்து வென்றவனாகவோ ஆக்கிவிடுகிறார்கள். பாண்டியரில் நெடுஞ்செழியன் ஒருவர் மட்டும் அல்ல. கல்வெட்டில் அடைமொழியும் இல்லை.

ஆயிரம் ஆண்டு இடைவெளியை மறப்பது

படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் ஏறத்தாழ கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தொடங்குகின்றன என்று பொதுவாகக் கொள்கிறோம். அதைவிடப் பழையவை என்று சொல்பவர்களும் உண்டு. சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் சிற்பமும் வட்டெழுத்தும் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒரே பாறையில் இரண்டும் இருப்பதால் "இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான மகாவீரர் சிலை" என்று படம் போடுகிறார்கள். படுக்கையில் உறங்கிய முதல் துறவிகள் அந்தச் சிற்பத்தைப் பார்த்ததே இல்லை.

இந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் இன்னொரு பழைய கேள்விக்கும் வெளிச்சம் கிடைக்கும். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகச் சொல்லப்படுவது சம்பந்தர் காலத்து நிகழ்ச்சியாக, அதாவது 7ஆம் நூற்றாண்டில் நடந்ததாக. அதோடு சமணம் மதுரையில் அழிந்துபோனது என்று சொல்லி முடித்துவிடுவோரே அதிகம். ஆனால் இங்குள்ள சமணச் சிற்பங்கள் அதற்கு இருநூறு ஆண்டுக்குப் பிந்தியவை.

யானைமலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழிக் கல்வெட்டு அந்த மலையை "இவ குன்றம்" என்கிறது. இவம், இபம் என்றால் யானை. அதே மலையில் பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தார். அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் அமைத்து முடித்தார். கல்வெட்டு தரும் கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770. அதற்குப் பிறகுதான் மலையின் இன்னொரு பக்கத்தில் சமணத் திருமேனிகள் வருகின்றன. அவற்றின் கீழே காப்பவர்களாக எழுதப்பட்டிருப்பது நரசிங்கமங்கலத்துச் சபையார். நரசிங்கர் பெயர் கொண்ட ஊரின் சபை, சமணத் திருமேனிக்கு ரக்ஷை, அதாவது காவல்.

எல்லாச் சிலையும் புத்தர் இல்லை

கண்மூடி அமர்ந்திருந்தால் புத்தர் என்பது கைப்பழக்கமாகிவிட்டது. தலைக்கு மேல் முக்குடை இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்கடுக்காக மூன்று குடை இருந்தால் அருகர், அதாவது தீர்த்தங்கரர். உடலில் ஆடை மடிப்பு இருக்காது. நின்றகோலத்தில் தலைமேல் பாம்புப் படம் விரிந்தால் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர். அவர் மேல் பாறையைத் தூக்கி எறிய வரும் கமடன் மேலே இருப்பான், அவனே கீழே பணிந்தும் இருப்பான். பாறையோடு நிற்பவனைக் காவல் தெய்வம் என்று எழுதிவிடாதீர்கள். காலிலும் கையிலும் கொடி சுற்றி, இருபுறமும் பெண்கள் நின்றால் பாகுபலி என்ற சமணத் துறவி; அந்தப் பெண்கள் அவருடைய மனைவியர் அல்லர், தங்கையர்.

கீழக்குயில்குடியில் செட்டிப்பொடவு என்ற குகைக்குள் சிங்கத்தின் மேல் அமர்ந்து, வில்லேந்தி, யானை மேல் வருபவனோடு பொரும் பெண் உருவம் இருக்கிறது. துர்க்கை என்று சொல்லிவிடத் தோன்றும். எதிரி எருமைத்தலையன் இல்லை என்பதைக் கவனியுங்கள். பக்கத்திலேயே தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். அவள் சமண இயக்கி, அதாவது தீர்த்தங்கரரின் காவல் தேவதை. வெளியே உள்ள பெரிய திருமேனியை ஊரார் செட்டியார் என்று அழைத்ததால் வந்த பெயர்தான் செட்டிப்பொடவு. அதன் கீழே உள்ள வட்டெழுத்து, அது குயிற்குடி ஊரார் பேரால் செய்விக்கப்பட்டது என்கிறது.

கீழடியையும் குகையையும் ஒன்றாகக் குழைப்பது

கி.மு. 580 என்பது கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியின் கரிமக் காலக்கணிப்பு. அந்த மண்ணடுக்கின் காலத்தை அது சொல்கிறது. அருங்காட்சியகத்தில் உள்ள ஒவ்வொரு ஓட்டுக்கும் அந்த ஆண்டை ஒட்டக்கூடாது, குகை எழுத்துக்கும் ஒட்டக்கூடாது. "ஆதன்" என்று எழுதிய பானை ஓடும், வெறும் கீறல் குறி உள்ள ஓடும் வேறு வேறு வகை. கீறல்குறிகள் சிந்துவெளிக் குறிகளோடு வடிவத்தில் ஒத்துப்போவது ஆராயத்தக்கதே. ஆனால் சிந்துவெளி எழுத்தை இன்னும் யாரும் ஐயமின்றிப் படித்துவிடவில்லை. படிக்கப்படாத ஒன்றைச் சான்றாக வைத்து இன்னொன்றைப் படிக்க முடியாது.

சுண்ணக்கட்டி, எண்ணெய், தண்ணீர்

எழுத்து தெளிவாகத் தெரிய சுண்ணக்கட்டியால் நிரப்புவது மிகக் கெட்ட பழக்கம். தடவியவர் எதை எழுத்து என்று நினைத்தாரோ அதுவே கல்லில் தங்கும். அடுத்து வருபவர் கல்லைப் படிப்பதில்லை, சுண்ணக்கட்டியைப் படிக்கிறார். எண்ணெய் பூசினால் தூசி ஒட்டிக் கறுத்து, எழுத்தின் விளிம்பு மழுங்கித் தெரியும். கம்பித் தூரிகை போட்டுப் பாசியை உரித்தால் பாறைத்தோலும் சேர்ந்து வரும். மைப்படி எடுப்பது, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் நகலெடுப்பது, தொல்லியல் துறை அனுமதியோடு பயிற்சி உள்ளவர்கள் செய்ய வேண்டியது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சிதைத்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010 திருத்தமும் 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றன.

இவை எதுவும் இல்லாமலே படிக்க வழி இருக்கிறது. காலை 9 மணிக்குள் போங்கள், இல்லையென்றால் மாலை 4 மணிக்கு மேல். உச்சி வெயிலில் குழிவு நிழலே விழாது. ஒரு டார்ச்சைப் பாறையை ஒட்டி, கிட்டத்தட்டப் பாறையோடு படுத்த நிலையில் பக்கவாட்டில் பிடியுங்கள். கைப்பேசியின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது நேராக அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். முதலில் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம், பிறகு வலப்பக்கம், பிறகு மேலிருந்து. மூன்று படத்திலும் தெரிகிற கோடு மட்டுமே எழுத்தின் கோடு என்று கொள்ளுங்கள். வரி நீளமாக இருந்தால் ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கை மறுபடி காட்டும்படி நகர்ந்து எடுங்கள். பாறையைத் தொடாமல் அருகில் ஒரு அளவுகோலைப் பிடித்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் கல்வெட்டு நீர்வடி விளிம்புக்கு மேலா கீழா, எந்தத் திசை பார்க்கிறது என்பதை எழுதுங்கள். படத்தில் ஒன்றுமே புரியாவிட்டால் ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சில குகைகளில் எழுத்துகள் தலைகீழாகவே வெட்டப்பட்டிருக்கின்றன.