பிளஸ் டூ முடிச்சு இன்ஜினியரிங் சேர்ந்திருக்கா? முதல் செமஸ்டருக்கு வீட்ல இருக்கிறவங்க செய்ய வேண்டியது

தம்பியோ பொண்ணோ அண்ணா யுனிவர்சிட்டிக்கு கீழ இருக்கிற காலேஜ்ல சேர்ந்தாச்சு. பிளஸ் டூல புக் பேக் கேள்வி, வாராவாரம் டெஸ்ட், மார்க் குறைஞ்சா வீட்டுக்கு போன்னு ஸ்கூலே தள்ளிக்கிட்டு போச்சு, இங்க அந்த அளவுக்கு யாரும் தள்ள மாட்டாங்க.

ஸ்டெப் 1: எந்த ரெகுலேஷன்னு (எந்த வருஷத்து சிலபஸ், மார்க் விதிமுறைன்னு) கேளுங்க, அந்த சிலபஸை டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுங்க. நான் கீழ சொல்ற கணக்கு 2021 ரெகுலேஷனுக்கு, உங்களுக்கு வேறன்னா அதுல இருக்கிற நம்பரை போட்டுக்கோங்க.

ஸ்டெப் 2: மார்க் கணக்கை உக்கார வச்சு போட்டு காட்டுங்க, இதுதான் முக்கியம். தியரி பேப்பர்ல இன்டர்னல், அதாவது காலேஜ்லயே போடுற மார்க் 40, செமஸ்டர் எக்ஸாம் 60 (நூத்துக்கு எழுதுறதை அறுபதுக்கு மாத்திடுவாங்க). பாஸாக மொத்தம் 50 வேணும், அதோட எக்ஸாம்ல நூத்துக்கு 45ஆவது எடுத்திருக்கணும். இன்டர்னல் 23 வந்துட்டா எக்ஸாம்ல 45 போதும், ஏன்னா அது அறுபதுக்கு 27 ஆயிடும். இன்டர்னல் 12தான்னா மீதி 38 வேணும், அதுக்கு எக்ஸாம்ல 64 எடுத்தாகணும்! கடைசி நேரத்துல பாத்துக்கலாம்னு சொல்ற பிள்ளைங்க இந்த கணக்கை பாத்ததும் கொஞ்சம் அமைதியாயிடுவாங்க. அசைன்மென்ட்டும் இன்டர்னல்லதான் சேருது, அதை டேட்டுக்குள்ள குடுக்க சொல்லுங்க.

ஸ்டெப் 3: அட்டெண்டன்ஸ் 75 சதவீதம். மாசக் கடைசியில ஒருதடவை கேட்டா போதும், தினமும் நச்சரிக்காதீங்க.

ஸ்டெப் 4: மேத்ஸ்தான் பலருக்கு முதல் அரியர். மேட்ரிக்ஸ் பிளஸ் டூலயே படிச்சதுதானேன்னு விட்டுடுவாங்க, ஆனா இங்க ஐகன் வேல்யூ, கேலி ஹாமில்டன் தியரம்னு புதுசா வரும், அப்புறம் மல்டிபிள் இன்டெக்ரல் வேற. அஞ்சு யூனிட், ஒவ்வொண்ணுலயும் ஒரு 16 மார்க் கேள்வி, அதனால ஒரு யூனிட் முடிஞ்ச வாரமே அதுல வந்த பழைய யுனிவர்சிட்டி கேள்வி ரெண்டை பேப்பர்ல போட்டு பாக்கணும். வீடியோ பாத்து தலையாட்டினா அது கணக்கு போட்டதா ஆகாது.

ஸ்டெப் 5: தமிழ் மீடியம்னா இன்னொரு வேலை இருக்கு. கிளாஸ்ல புரிஞ்சதை முதல்ல தமிழ்லயே நாலு வரி எழுதிக்கட்டும், பதிலை மட்டும் இங்கிலீஷ்ல எழுதி பழகட்டும். பிசிக்ஸ் டெஃபனிஷன் எல்லாம் ரெண்டு மார்க் கேள்விக்கு அப்படியே வரும், அதை மனப்பாடம் பண்றதுல தப்பில்ல.

ஒருவேளை ரிசல்ட்ல யூன்னு (U, பாஸ் ஆகல, திரும்ப எழுதணும்னு அர்த்தம்) வந்துட்டா திட்டுறதுக்கு முன்னாடி இன்டர்னல் எவ்வளவுன்னு கேளுங்க, அடுத்த தடவை எக்ஸாம்ல எவ்வளவு எடுக்கணும்னு அதே ஸ்டெப் 2 கணக்கை போட்டுட்டு அரியருக்கு ஃபீஸ் கட்டுற தேதியை விடாம பாத்துக்கோங்க.