தண்ணீர் ஆகாத அமிலத் திரவம் சிந்தினால்: மணல் வாளியை முதலில் பாருங்கள்

ஆய்வகத்தில் எது சிந்தினாலும் கை தானாகக் குழாய்ப் பக்கம் போகும். தயோனைல் குளோரைடு, பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு, டைட்டானியம் டெட்ராகுளோரைடு போன்ற, தண்ணீர் பட்டாலே அமிலப் புகை கக்கும் திரவங்களுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. 100 மில்லி தயோனைல் குளோரைடு முழுவதும் வினைபுரிய 25 மில்லி தண்ணீர் போதும். அதிலிருந்து கிளம்பும் கந்தக டை ஆக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்து கிட்டத்தட்ட 100 லிட்டர் வாயு. இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும், கீழே மறுபடி தேவைப்படும்.

நான் சொல்வது ஃபியூம் ஹுட்டுக்குள் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வக அலமாரி) கொஞ்சமாகச் சிந்தியதைப் பற்றி மட்டும். அதையும் பயிற்சி எடுத்தவர்தான் தொடவேண்டும், கூட ஒருவர் இருக்கவேண்டும். சோடியம், லித்தியம் போன்ற உலோகங்கள் தண்ணீர் பட்டால் எரியும் வாயுவைக் கிளப்புபவை. அவை வேறு கதை.

1. முதலில் விலகுங்கள்

பக்கத்தில் இருப்பவர்களை வெளியே அனுப்புங்கள். ஹுட் ஓடட்டும், அதன் முன்பக்கக் கண்ணாடிக் கதவை இறக்கிவிடுங்கள். ஹுட்டுக்கு வெளியே சிந்தியிருந்தால், புகை கிளம்பினால், சரியான முகக்கவசம் இல்லாவிட்டால், நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: கதவைச் சாத்திவிட்டு வெளியேறி, தீயணைப்புத் துறையை அழைப்பது. பொருளின் பெயரையும் ஐநா எண்ணையும் (ஆபத்தான சரக்குகளுக்கான நான்கு இலக்க அடையாள எண்) சொல்லுங்கள். தயோனைல் குளோரைடுக்கு 1836, டைட்டானியம் டெட்ராகுளோரைடுக்கு 1838. வட அமெரிக்க அவசரகாலக் கையேட்டில் இரண்டுமே 137ஆம் வழிகாட்டியில் வரும். கசிவு திரவமாக இருந்தால் எல்லாத் திசையிலும் குறைந்தது 50 மீட்டர் விலகச் சொல்கிறது அது. இந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை. அதனால் காற்று வரும் திசையில், மேடான இடத்தில் நில்லுங்கள்.

லாரியின் ஆரஞ்சுப் பலகையில் மேல் எண்ணுக்கு முன்னால் 'எக்ஸ்' எழுத்து இருந்தாலும், சாய்சதுர லேபிளின் கீழ்க் கட்டத்தில் குறுக்குக்கோடு போட்ட 'டபிள்யூ' இருந்தாலும், தண்ணீர் ஆகாது என்று பொருள்.

2. உடம்பில் பட்டிருந்தால்

இங்கே மட்டும் தண்ணீர்தான். நிறையத் தண்ணீர். கொஞ்சமாகத் தெளித்தால் சூடு ஏறும். வெள்ளமாக ஓடவிட்டால் சூட்டையும் அமிலத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். தூளாக இருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு உடனே கழுவுங்கள். நனைந்த உடையைக் கழற்றிவிடுங்கள். கண் என்றால் இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம். நிறுத்த அவசரப்படவேண்டாம், ஆம்புலன்ஸ் வரும்வரைகூடக் கழுவலாம். சிந்தியது தரையில் அப்படியே கிடக்கட்டும், ஆள்தான் முக்கியம்.

3. மாட்டிக்கொள்ள வேண்டியவை

மெல்லிய நைட்ரைல் கையுறை இதற்கு உதவாது. கையுறை நிறுவனத்தின் அட்டவணையில் அந்தக் குறிப்பிட்ட பொருளுக்கு எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். தூசி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது, அமில வாயுவுக்கான வடிகட்டி வேண்டும். நிறத்தை நம்பி வாங்கினால் குழப்பம்தான். அமெரிக்க முறையில் அமில வாயுவுக்கு வெள்ளை. ஐரோப்பிய முறையில் கந்தக டை ஆக்சைடு வகைக்கு மஞ்சள். பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

4. மணல்

எல்லாரும் 'உலர்ந்த மணலைப் போடு' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எது உலர்ந்த மணல்? தாழ்வாரத்தில் திறந்து கிடக்கும் சிவப்பு வாளி மணலைத் தொட்டால் உலர்வாகத்தான் தோன்றும். அதில் ஈரம் 3 சதவீதம் என்றே வையுங்கள். ஒரு கிலோவில் 30 கிராம் தண்ணீர். மேலே சொன்ன 25 மில்லி ஞாபகம் இருக்கிறதா? அந்த வாளியைக் கவிழ்ப்பதும் குழாயைத் திறப்பதும் கணக்குப்படி ஒன்றுதான்.

எனவே மணலை முன்கூட்டியே தயாரித்து வையுங்கள். தட்டில் மெல்லியதாகப் பரப்பி, அடுப்புப் பெட்டியில் 110 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க வையுங்கள். ஆறியதும் உடனே இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, தேதி எழுதுங்கள். சோதிக்க ஒரு சுலப வழி உண்டு. ஒரு கரண்டி மணலை உலர்ந்த சோதனைக்குழாயில் போட்டு அடியைச் சூடாக்குங்கள். குழாயின் மேல்பகுதியில் பனி படிந்தால் மணல் இன்னும் ஈரம்தான்.

சிந்தியதைச் சுற்றி முதலில் கரை கட்டுங்கள், பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மூடுங்கள். நடுவில் கொட்டினால் திரவம் வெளியே பரவும். மரத்தூள், காகிதம், பழந்துணி எதுவும் வேண்டாம்.

5. அள்ளுவது

பிளாஸ்டிக் கரண்டிதான் என் தேர்வு. உலோகத்தை அமிலம் அரிக்கும். அள்ளியதை அகன்ற வாயுள்ள பாலித்தீன் வாளியில் போட்டு, மூடியை மேலே சும்மா வையுங்கள். திருகாதீர்கள். மிச்சமிருக்கும் ஈரத்தில் வாயு ஊறிக்கொண்டே இருக்கும், இறுக்கினால் வாளி வெடிக்கலாம். பெயர் எழுதி, ஹுட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு, கழிவு எடுப்பவர்களைக் கூப்பிடுங்கள். புகை முழுவதும் நின்றபிறகு, மேற்பரப்பில் ஒட்டியிருப்பதைச் சோடா பைகார்பனேட் கரைசலால் தாராளமாகக் கழுவலாம். நுரைக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

பிற்சேர்க்கை: பூனை மணல் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது பெரும்பாலும் களிமண், காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வேண்டாம். வெர்மிகுலைட் (சூட்டில் பொரித்த இலேசான கனிமத் துகள்) பரவாயில்லை, ஆனால் மூட்டையைப் பிரித்துவிட்டால் அதற்கும் அதே இரவு முழுக்கச் சூடு, அதே இறுக்கமான டப்பா.