தப்பான விடைக்கும் 'எப்படி வந்துச்சு?' என்று கேளுங்கள்

கணக்கு வகுப்பில் பல பிள்ளைகள் வாயைத் திறக்காததற்குக் காரணம் கணக்கு தெரியாதது இல்லை, தப்பாகச் சொன்னால் பின் பெஞ்ச் சிரிக்குமே என்ற பயம்தான். 1/2 + 1/3 எவ்வளவு என்றதும் ஒருவன் 2/5 என்றால் 'தப்பு, உட்காரு' என்று முடித்துவிடாமல் 'எப்படி வந்துச்சு, சொல்லு' என்று கேளுங்கள். மேலே தனியாக, கீழே தனியாகக் கூட்டினேன் என்பான். சரி, அரை தோசையோடு இன்னும் கொஞ்சம் வைத்தால் அரையைவிடக் குறையுமா என்று வகுப்பையே கேட்டால், 2/5 அரையைவிடச் சின்னது என்பதை அவர்களே பிடித்துவிடுவார்கள், பையனுக்கும் அவமானம் இல்லை.

ஒன்று முக்கியம்: சரியான விடைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் 'எப்படி வந்துச்சு' என்றாலே 'தப்பு' என்று அர்த்தமாகிவிடும். பிள்ளைகள் படு உஷார்.

அப்புறம், கேள்வி கேட்டதும் குறைந்தது 3 வினாடி பேசாமல் நில்லுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக 1 வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ கண்டார். அதை 3 ஆக்கியதும் வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். முதல் பெஞ்சில் தூக்கிய கைகளைக் கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாதீர்கள்.