சாப்பிட்ட தட்டைக் கழுவக் கற்றுக்கொடுத்தல்: கடைசிப் படியிலிருந்து தொடங்கும் முறை

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை ஒன்று வகுப்பில் சேர்ந்ததும், எழுத்தை எங்கிருந்து தொடங்குவது என்றுதான் புதிய ஆசிரியர்கள் பெரும்பாலும் கேட்கிறார்கள். மதிய உணவு முடிந்ததும் மற்ற பிள்ளைகளோடு குழாயடிக்குப் போய்த் தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டு வருவதும் எழுத்துக்குச் சற்றும் குறையாத கல்வி என்றே நான் நினைக்கிறேன். இன்னொருவர் கழுவித் தரும்வரை ஓரமாக நிற்கும் பிள்ளையை, உடன் படிப்பவர்கள் நாளடைவில் கைக்குழந்தையைப் போல நடத்தத் தொடங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைகள் 6 வயது முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ தாங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம் என்கிறது. ஆகவே சிறப்புப் பயிற்சி பெறாத ஆசிரியரின் வகுப்பிலும் இவர்கள் இருப்பார்கள். இந்த விளக்கத்தை அந்த ஆசிரியருக்காகவே எழுதுகிறேன்.

முதல் படி: பார்த்து, குறிக்கோளை எழுதுதல்

மூன்று நாள் உதவாமல் பாருங்கள். தட்டைப் பிடிக்கிறாரா, குழாயைத் திருகக் கையில் வலு இருக்கிறதா, தண்ணீரைக் கண்டு ஒதுங்குகிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் உருவான மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம் என்னும் மதிப்பீட்டுப் படிவம் 18 பிரிவுகளில், பிரிவுக்கு 20 வீதம், 360 அன்றாடத் திறன்களைப் பட்டியலிடுகிறது. அது கிடைத்தால் பிள்ளை எங்கே நிற்கிறார் என்பது இன்னும் தெளிவாகும். பிறகு குறிக்கோளைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள். "சுத்தத்தைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் அது நிறைவேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது; "சாப்பிட்டபின் தட்டைத் தானாகக் கழுவிக் கூடையில் கவிழ்ப்பார்" என்று எழுதினால் சொல்ல முடியும்.

இரண்டாம் படி: வேலையைப் பிரித்தல்

முதலில் நீங்களே ஒரு தட்டைக் கழுவி, கை செய்யும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். மிச்சத்தை வாளியில் கொட்டுதல், குழாயடிக்குப் போதல், குழாயைத் திறத்தல், தட்டை நனைத்தல், உட்புறம் தேய்த்தல், திருப்பி அடிப்புறம் தேய்த்தல், அலசுதல், குழாயை மூடுதல், தண்ணீரை உதறுதல், கூடையில் கவிழ்த்தல் என்று எனக்குப் பத்துப் படிகள் கிடைத்தன. ஒரு பிள்ளைக்கு ஆறு போதும்; இன்னொருவருக்குக் குழாயைத் திறப்பதையே மூன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: கடைசியிலிருந்து கற்பித்தல்

முதல் ஒன்பது படிகளையும் அவர் கையைப் பிடித்து நீங்கள் சேர்ந்து செய்யுங்கள். கூடையில் கவிழ்ப்பதை மட்டும் அவரிடம் விடுங்கள். அது தொடர்ந்து மூன்று நாள் தானாக நடந்தால், உதறுவதையும் அவரிடம் விடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். முதல் படியிலிருந்து தொடங்கினால் பிள்ளை மிச்சத்தைக் கொட்டிவிட்டு நிற்பார், மீதி வேலையை வேறொருவர் முடிப்பார், பாராட்டும் எதற்கென்று விளங்காமல் தாமதமாக வந்து சேரும். கடைசியிலிருந்து தொடங்கினால், தட்டைக் கவிழ்த்த அந்த நொடியிலேயே வேலை முடிந்துவிட்ட நிறைவும் உங்கள் பாராட்டும் அவருடைய சொந்த முயற்சிக்குப் பின்னால் உடனே வருகின்றன.

நான்காம் படி: உதவியைக் கொடுத்து, மெல்லக் குறைத்தல்

இந்தப் படிதான் மிகுந்த கவனத்தைக் கேட்பது. பிள்ளைக்கு எதிரே நிற்காமல் பின்னால் நின்று அவர் கையின்மேல் உங்கள் கையை வைத்தால், இருவர் கையும் ஒரே திசையில் அசையும். சில நாட்களில் பிடியை மணிக்கட்டுக்கும், பிறகு முழங்கைக்கும், கடைசியில் தோளில் ஒரு தொடுதலுக்கும் தளர்த்துங்கள். தொடுவதை விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தாமல், செய்துகாட்டியும் சைகையாலும் வழிநடத்துங்கள். எந்த உதவிக்கு முன்பும் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணிக் காத்திருங்கள். பல பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது அந்தச் சில நொடிகள்தான்.

வாயால் சொல்லும் உதவியை இயன்றவரை தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொடக்கக் காலத்தில் ஒரு மாணவனுக்கு மாதக்கணக்கில் "குழாயைத் திற" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் விடுப்பு எடுத்த நாளில் அவன் குழாயடியில் தட்டோடு நெடுநேரம் நின்றிருக்கிறான். என் குரலையும் வேலையின் ஒரு படியாகவே அவன் கற்றுக்கொண்டிருந்தான், அதைக் கற்பித்தவள் நான்தான். அதன்பின் ஒவ்வொரு படியையும் படமெடுத்துக் குழாய்க்கு மேலே வரிசையாக ஒட்டி, சொல்வதற்குப் பதிலாகப் படத்தைக் காட்டினேன். குரலைவிடப் படத்தைக் குறைப்பது எளிதாக இருந்தது.

பாராட்டும்போது "நல்ல பையன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "குழாயை மூடிவிட்டாய்" என்று செய்ததைச் சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அந்த வயதுக்குரிய மரியாதையோடு பேசுங்கள்.

ஐந்தாம் படி: குறித்து வைத்தல்

தானாகச் செய்தால் "தா", சைகையால் செய்தால் "சை", சொல்லிச் செய்தால் "சொ", கைபிடித்துச் செய்தால் "கை" என்று ஒரு கட்டத்தாளில் குறியுங்கள். வாரத்தில் ஒரு நாள் உதவாமல் முழு வேலையையும் விட்டுப் பார்த்து, தடுமாறும் படியை மட்டும் நீங்கள் முடித்துக்கொடுங்கள். பத்தில் நான்கு "தா" என்றால் 40 விழுக்காடு. இரண்டு வாரம் ஒரே எண் நின்றால், படி பெரிதாக இருக்கிறதென்று கொண்டு அதை இன்னும் சிறிதாகப் பிரியுங்கள்.

ஆறாம் படி: வீட்டுக்குக் கொண்டுபோதல்

பள்ளிக் குழாயில் கற்றது வீட்டுக் குடத்து நீரில் தானாக வந்துவிடாது. ஆகவே அம்மாவையோ பாட்டியையோ ஒருநாள் பள்ளிக்கு அழைத்து, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதை நேரில் காட்டுங்கள். வீட்டில் குவளையால் மொண்டு ஊற்றித்தான் கழுவுவார்கள் என்றால், குழாய்ப் படிகளுக்குப் பதிலாகக் குவளைப் படிகளைச் சேர்த்து வீட்டுக்கென்று தனிப் பட்டியல் எழுதிக்கொடுங்கள். காலை அவசரத்தில் யாருக்கும் காத்திருக்க நேரம் இருக்காது என்பதால், இரவுச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றோடு தொடங்கச் சொல்லுங்கள்.