கபடி ரைடு: எதிரணி எதை விட்டு வைத்திருக்கிறதோ, அதை எடுங்கள்

"இந்த ரைடில் டோ டச்" என்று, அதாவது கால் நுனியால் தொடுவது என்று, முன்கூட்டியே முடிவெடுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டும் ரைடர்தான் பெரும்பாலும் சிக்குகிறார். ஏழு பேர் நின்றாலும் எல்லா வழியையும் ஒரே நேரத்தில் அடைக்க முடியாது. கார்னர் (இரு ஓரத்திலும் நிற்கும் டிஃபெண்டர்) ஏறி வந்தால் கைக்கு எட்டுவார், பின்னால் போனால் போனஸ் (போனஸ் லைனைத் தாண்டிக் கால் பதித்தால் வரும் புள்ளி) கிடைக்கும். எது திறந்திருக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

அளவுகள் மனப்பாடமாக இருக்கட்டும். ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் 3.75 மீட்டர். போனஸ் லைன் அதற்கு 1 மீட்டர் பின்னால். அங்கிருந்து கடைசிக் கோடு வரை 1.75 மீட்டர்தான் இருக்கிறது. கார்னர் ஒதுங்கி நிற்க அவ்வளவுதான் இடம்.

ரைடுக்கு 30 வினாடி. முதல் பத்து வினாடியைப் பார்ப்பதற்கே ஒதுக்குங்கள். பாக் லைனை ஒரு முறை தாண்டிவிட்டு இரண்டு கார்னர் பக்கமும் போய் வாருங்கள். யாரையும் தொடாமல், பாக் லைனையும் தாண்டாமல் திரும்பினால் அவுட். முகத்தைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தால் அவர் பாயத் தயார். பாதம் முழுக்கப் பதிந்திருந்தால் நீங்கள் வரட்டும் என்று காத்திருக்கிறார்.

கார்னர் கடைசிக் கோட்டை ஒட்டி நின்றால் அவரைத் துரத்த வேண்டாம், அதைத்தான் அவர் விரும்புகிறார். களத்தில் எதிரணியினர் ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் போனஸ் போடுங்கள். முன்கால் கோட்டை மிதிக்காமல் முழுதாகத் தாண்டிப் பதிய வேண்டும், அந்த நேரத்தில் பின்கால் காற்றில் இருக்க வேண்டும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்: கோட்டுக்கு அப்பால் ஒரு முழம் உள்ளே காலை வைத்துவிடுகிறார்கள். உடல் எடை மொத்தமும் அந்தக் காலில் இறங்கிவிடுவதால் இழுக்க நேரமாகிறது, கார்னர் கணுக்காலைப் பிடித்துவிடுகிறார். கோட்டைத் தாண்டி நாலு விரல் போதும். இடுப்பு நடுக்கோட்டுப் பக்கமே திரும்பியிருக்கட்டும்.

இரண்டு போனஸ் கொடுத்த கார்னர் மூன்றாவது முறை ஏறி நிற்பார். இப்போது போனஸ் மூடிவிட்டது, தொடுவதற்கு ஆள் கிடைத்துவிட்டார். போனஸுக்குப் போவதுபோல் தோளை இறக்கிக் காட்டி, அவர் முன்னே சாயும்போது ரன்னிங் ஹேண்ட் டச். நின்று கை நீட்டினால் மணிக்கட்டு மாட்டும். ஓட்டம் நிற்காமல், கை பட்டதும் அதே வேகத்தில் நடுக்கோட்டை நோக்கித் திரும்ப வேண்டும். டோ டச் போடுவதானால் ஊன்றிய கால் முட்டி நன்றாக மடங்கி, நீட்டும் கால் தரையைத் தடவிக்கொண்டே போகட்டும். முழங்கால் உயரத்துக்கு எழும்பிய கால் அவர் கைக்குள் போய் விழும்.

கவர்கள் (நடு ஆளின் இருபுறமும் நிற்பவர்கள்) ஏறி வந்தால் கவனம் லாபிப் பக்கம், அதாவது களத்தின் இரு ஓரப் பட்டைகளின் பக்கம், இருக்க வேண்டும். அவர்கள் நினைப்பது டேஷ்: ஓரத்தில் வைத்து உங்களை வெளியே தள்ளுவது. தொடுவதற்கு முன் லாபியில் கால் பட்டாலே அவுட். அதனால் களத்தின் நடுவே இருந்துகொண்டு அவர்களை வரவழையுங்கள். டேஷ் தவறிய கவரின் முதுகு ஒரு நொடி உங்களுக்குத் திறந்திருக்கும். கைகோத்த செயின் உங்களைச் சுற்றி வளைத்துவிட்டால் அவர்களின் உயரத்தைப் பாருங்கள். நிமிர்ந்து வந்தால் கீழே குனிந்து டுப்கி (கைகளுக்கு அடியில் நுழைந்து வெளியேறுவது), காலுக்குக் குனிந்தால் மேலே தாவல். பர்தீப் நர்வால் 2017 ப்ரோ கபடியில் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 34 ரைடு புள்ளி எடுத்தவர். அவருடைய டுப்கியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், டிஃபெண்டரின் கை உயர்ந்த பிறகுதான் தலை இறங்கும்.

எதிரணியில் மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது கணக்கு மாறுகிறது. போனஸ் கிடையாது, பிடிபட்டால் சூப்பர் டேக்கிளில் எதிரணிக்கு 2 புள்ளி. இருவருக்கு நடுவே போய் நிற்காமல், எல்லோரும் உங்களுக்கு ஒரே பக்கத்தில் இருக்கும்படி ஓரத்து ஆளிடம் போங்கள். கிடைக்கவில்லையென்றால் வெறுங்கையோடு திரும்புவதும் நல்ல ரைடுதான், அது டூ ஆர் டை ஆக இல்லாதவரை. இரண்டு காலி ரைடுக்குப் பின் வரும் அந்த மூன்றாவதில் புள்ளி எடுக்காவிட்டால் நீங்கள் அவுட் என்பதால் டிஃபென்ஸ் அசையாமல் காத்திருக்கும். ஆறு பேர் இருந்தால் போனஸ் புள்ளியும் உங்களைக் காப்பாற்றும் என்பதை மறந்து, தொட்டே ஆக வேண்டும் என்று உள்ளே பாய்பவர்கள் நிறைய.

பயிற்சிக்கு: நாலு டிஃபெண்டரை நிறுத்தி, ஒவ்வொரு ரைடுக்கும் முன் ஏறி நிற்பதா, பின்வாங்குவதா, செயின் போடுவதா என்று அவர்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆள் குறைவாக இருந்தாலும் இதில் போனஸ் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் பிடிக்கக் கூடாது, ரைடர் சரியானதைத் தேர்ந்தெடுத்தாரா என்று மட்டும் பாருங்கள். அது தடுமாறாமல் வந்த பிறகு பிடியைச் சேர்த்துக்கொள்ளலாம்.