'புட்' என்றால் 'போடு' இல்லை

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் போனில் "எஸ்டர்டே ஐ புட் லீவ்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "யூ புட் வாட்?" என்று கேட்டார். லீவ் போடுவது நமக்குத்தான் புரியும். அவர் காதுக்கு, எதையோ வைத்துவிட்டு எங்கே வைத்தேன் என்று சொல்லாத மாதிரி இருந்திருக்கிறது.

முதல் வேலை: ஆங்கிலத்தில் 'புட்' (put) என்றதும் 'போடு'வை மறந்துவிட்டு 'வை' என்று நினைத்துக்கொள்ளுங்கள். எதை, எங்கே என்ற இரண்டும் இந்த வினைக்கு வேண்டும். 'ஐ புட் த கீ' என்று நிறுத்தினால் அந்தரத்தில் தொங்கும். 'ஐ புட் த கீ ஆன் த டேபிள்' என்றால்தான் முடியும். டீயில் சர்க்கரை போடுவதும் இதே கணக்கு. இறந்தகாலத்திலும் 'புட்'தான்.

இரண்டாவது: நாம் 'போடு' என்று சொல்லும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். டீ போட்டால் 'மேக்'. கையெழுத்துக்கு 'சைன்'. கோலத்துக்கு 'டிரா'. லீவுக்கு 'டேக்'. ஃபேனுக்கு 'டர்ன் ஆன்'. 'புட் த ஃபேன் ஆன்' என்றும் சொல்லலாம், ஆனால் அந்தக் கடைசி 'ஆன்' விழுந்துவிட்டால் தப்பு.

மூன்றாவது, நான் சறுக்கிய இடம். ரயில் நிலையத்தில் என்னை அடையாளம் காட்ட, "ஐ ஆம் புட்டிங் ஆன் எ புளூ ஷர்ட்" என்றேன். நடைமேடையில் நின்று சட்டைக்குள் கை நுழைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்! போட்டிருப்பதற்கு 'வேரிங்', போடும் அந்த நிமிடத்துக்கு மட்டும் 'புட்டிங் ஆன்'.

இதைவிட என்னைப் படுத்தியது 'புட் ஆஃப்', அதாவது தள்ளிப்போடுவது. 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் மீட்டிங்குக்குப் பதிலாக 'இட்' வந்தால் நடுவில் மட்டும்தான்: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' கிடையவே கிடையாது. ஒரு வருடம் இதைத் தப்பாகவே எழுதினேன். பைக்கில் அப்பா அம்மாவுக்கு நடுவில் செருகி உட்காரும் குழந்தைதான் இந்த 'இட்' என்று நினைத்த பிறகு மறக்கவில்லை.

ஆங்கிலம்-தமிழ் அகராதி செயலிகளை இதற்கு நம்பாதீர்கள். 'போடு, வை, இடு' என்று அடுக்கிவிட்டு நகர்ந்துவிடும்; என் 'புட் லீவ்' அங்கிருந்து வந்ததுதான். கேம்பிரிட்ஜ் அகராதி இணையத்தில் இலவசம். பொருளை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் படியுங்கள், போதும்.

பிற்சேர்க்கை: 'புட் அப் வித்'துக்கும் குழந்தை நடுவில்தானா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சகித்துக்கொள்வது என்ற பொருளில் வரும் இது பிரியாது. 'ஐ காண்ட் புட் அப் வித் இட்'. இந்த வண்டியில் குழந்தைக்குப் பின் சீட்.