சிறைக்குள் தொழில்முனைவுப் பயிற்சி: நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகள்

சிறையில் இருப்பவர்களுக்குச் சொந்தத் தொழில் தொடங்கக் கற்றுக்கொடுக்கும் திட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. அமெரிக்காவின் டெக்சாஸில் 2004-இல் தொடங்கிய 'பிரிசன் ஆன்ட்ரப்ரனர்ஷிப் புரோகிராம்' அவற்றில் அதிகம் பேசப்படுவது. கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் கிறிஸ் ரெட்லிட்ஸ், பெவர்லி பேரன்டி தம்பதி 2010-இல் தொடங்கிய 'தி லாஸ்ட் மைல்' இன்னொன்று.

குற்றம் செய்தவருக்கு எதற்குத் தொழில் பயிற்சி என்று கேட்பவர்கள் சமூகவியலாளர் டேவா பேஜர் 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ஒரே மாதிரித் தகுதி உள்ள இளைஞர்களை அவர் வேலைக்கு விண்ணப்பிக்க அனுப்பினார். வெள்ளையர்களில், சிறைக்குப் போகாதவர் என்று சொன்னவருக்கு 34 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது; போனவர் என்று சொன்னவருக்கு 17 சதவீதம்தான். கறுப்பினத்தவருக்கு இதே கணக்கு 14, 5 என்று இருந்தது. வேலை கொடுக்க ஆள் இல்லாதபோது தனக்கான வேலையைத் தானே உண்டாக்கிக்கொள்வதுதான் மிச்சமிருக்கும் வழி. அதனால்தான் இந்தத் திட்டங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. இவற்றில் நடக்கும் தவறுகளைப் பற்றிப் பேச வேண்டியதும் அதனால்தான்.

பாடத்தில் பெரிய குறை இருப்பதில்லை. சந்தை, செலவு, லாபம் எல்லாம் எங்கும் ஒன்றுதான். கற்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கற்பிப்பவர் மறந்துவிடுகிறார். மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து கிளம்புபவை.

முதலில் நேரம். வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் இரண்டு மணி நேர வகுப்புக்குத் தயாராகி வருவார். சிறையின் நாளோ தலை எண்ணுவதைச் சுற்றி ஓடுகிறது. ஒரு நாளில் பல முறை எண்ணுவார்கள். கணக்கு நேராகும் வரை யாரும் இடத்தைவிட்டு அசைய முடியாது. எங்கோ ஒரு தகராறு நடந்தால் மொத்தப் பிளாக்கையும் பூட்டிவிடுவார்கள். மருத்துவர், நீதிமன்றத் தேதி, குடும்பத்தினர் வரும் நாள் என்று ஒவ்வொன்றும் வகுப்பிலிருந்து ஆளைக் கூட்டிப்போகும். பாதிப் படிப்பில் ஒருவரை வேறு சிறைக்கு மாற்றிவிடுவதும் உண்டு. ஆகவே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பாடத்திட்டம் இங்கே நிற்காது. ஒவ்வொரு வகுப்பும் தனியாகவே ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். முடித்த பகுதிக்கு ஒரு சிறு சான்றும் வேண்டும், மாற்றலாகிப் போகிறவர் கையில் எடுத்துப்போவதற்கு.

வீட்டுப்பாடமும் அப்படித்தான். பலர் சேர்ந்து இருக்கும் அறையில், இரைச்சலுக்கு நடுவே, விளக்கை அணைக்கும் அதிகாரம் வேறொருவரிடம் இருக்கும் இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. சோதனைக்கு வருகிறவர்கள் தாள்களை அள்ளிக்கொண்டு போகவும் கூடும். எழுதாமல் வந்தவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டுவதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எந்தக் கதவு வழியாகப் போவது என்று எதையும் தானாகத் தீர்மானிக்காமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ஒருவரிடம், தொழில் நடத்துவது என்றால் முடிவெடுப்பது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டால் போதாது. முடிவெடுக்கும் பழக்கத்தை வகுப்புக்குள்ளேயே கொடுக்க வேண்டும். இன்று யார் முதலில் பேசுவது, நேரத்தை யார் பார்த்துக்கொள்வது, வராதவருக்கு விட்டுப்போன பாடத்தை யார் சொல்வது போன்ற சின்னச் சின்னப் பொறுப்புகளை அவர்கள் கையில் விட்டுவிடலாம். எல்லாவற்றையும் ஏற்பாட்டாளரே பார்த்துக்கொண்டால் வகுப்பு ஒழுங்காக நடந்ததுபோல் தெரியும். ஆனால் சிறை செய்வதையே அந்த வகுப்பும் செய்துகொண்டிருக்கும்.

டெக்சாஸ் திட்டத்தில் சேருகிறவர்களுக்கு வேடிக்கையான செல்லப் பெயர் வைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் சிறையில் முரட்டு முகம் என்பது ஒரு பாதுகாப்பு. அந்த முகத்தோடு யாரிடமும் போய், "எனக்கு இந்தக் கணக்கு புரியவில்லை" என்று சொல்ல முடியாது. சிரிக்கவும் தடுமாறவும் இடம் கிடைத்தால்தான் படிப்பு ஏறும். இந்தப் பகுதியை நேர விரயம் என்று வெட்டிவிட்டு நேராகக் கணக்குப் பதிவியலுக்குப் போகிறவர்கள் தவறு செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இணையம் இல்லாததைப் பெரிய தடையாகப் பேசுவார்கள். தி லாஸ்ட் மைல் 2014-இல் சான் குவென்டினில் கணினி நிரல் எழுதவே கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. மாணவர்களுக்கு இணையம் கிடையாது. ஆகவே வழி இருக்கிறது. தவறு வேறு இடத்தில் நடக்கிறது: உள்ளே இருப்பவரால் தேட முடியாது என்று தன்னார்வலரே சந்தையை ஆராய்ந்து, போட்டியாளர்களைப் பட்டியலிட்டு, அழகான திட்ட அறிக்கையையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அறிக்கைக்குப் பரிசுகூடக் கிடைக்கும். அப்புறம் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் உரியவருக்குப் பதில் தெரியாது. கேள்விகளை உள்ளே இருப்பவர் எழுதட்டும். வெளியே இருப்பவர் பதில்களைச் சேகரித்து அப்படியே கொண்டுவந்து கொடுக்கட்டும். அவற்றிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதை உள்ளே இருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை போடுவதில் நடக்கும் தவறைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டெக்சாஸ் சிறைகளில் பெரும்பாலான வேலைகளுக்குக் கூலியே இல்லை. வேறு பல இடங்களில் கூலி உண்டு, ஆனால் மிகக் குறைவு. இப்படி ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் தன் தொழிலுக்குக் கணக்குப் போடும்போது பொருளின் விலையை எழுதுவார், போக்குவரத்துச் செலவை எழுதுவார். தன் உழைப்பு நேரத்தை எழுத மாட்டார். எழுதினாலும் கூச்சப்பட்டுக் குறைத்தே எழுதுவார். தாளில் லாபம் தெரியும். வெளியே வந்து இரவு பகலாக உழைத்தும் வாடகை கட்ட முடியாதபோதுதான் விட்டுப்போனது எது என்று தெரியவரும். ஆகவே முதல் கணக்கிலேயே அவருடைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு தொகையை எழுத வைக்க வேண்டும். எந்தத் தொகை என்பதை அவரோடு வாதாடியாவது முடிவுசெய்ய வேண்டும்.

ஆர்வத்தில் சிலர் உள்ளே இருந்தபடியே தொழிலைத் தொடங்கிவிடப் பார்ப்பார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகளில் அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் தொழில் நடத்துவதே ஒழுங்கு மீறல்; தண்டனை உண்டு. திட்டம் எழுதுவதற்கும் தொழில் நடத்துவதற்கும் கோடு எங்கே என்று அந்தந்தச் சிறையின் விதியைப் பார்த்து முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் சட்டம் குறுக்கே வரும். குற்றப்பதிவு உள்ளவருக்குச் சில உரிமங்கள் கிடைக்காது. விடுதலைக்குப் பிந்தைய கண்காணிப்பில் ஊரைவிட்டுப் போக அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம், இரவில் வெளியே இருக்கத் தடை இருக்கலாம். அதிகம் பேர் கவனிக்காதது கூட்டாளி விஷயம். ஒரே வகுப்பில் படித்த இருவர் சேர்ந்து தொழில் செய்யத் திட்டம் போடுவார்கள். கேட்பவர்களுக்கும் நெகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அமெரிக்கக் கூட்டாட்சிக் கண்காணிப்பின் வழக்கமான நிபந்தனைகளில் ஒன்று, கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் என்று தெரிந்த ஒருவரோடு கண்காணிப்பு அதிகாரியின் அனுமதி இல்லாமல் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. அனுமதி வாங்காமல் கூட்டுத் தொழில் தொடங்கினால், தொழில் நன்றாக நடந்தாலும் மறுபடி உள்ளே போக நேரலாம். திட்ட அறிக்கையில் முதல் பக்கம் உரிமமும் நிபந்தனைகளும் பற்றியதாக இருந்தால் நல்லது.

தன்னார்வலர்களுக்குச் சுருக்கமாகச் சில. என்ன குற்றம் செய்தீர்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று உறுதியாக நடக்கும் வரை சொல்லாதீர்கள்; உங்களுக்கு மறந்துபோகும், அவர் நாள் எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது, ஒரு எண்ணுக்குப் பேசிச் சொல்வது சின்ன உதவியாகத்தான் தோன்றும். ஆனால் அது விதி மீறலாகி உங்கள் அனுமதியோடு மொத்த வகுப்பும் நின்றுபோகலாம். நன்கொடையாளர்கள் வரும் நாளில் யாரையும் தன் குற்றத்தைக் கதையாகச் சொல்ல வைக்காதீர்கள். அந்தக் கதையின் மறுபக்கத்தில் பாதிக்கப்பட்ட ஒருவர் இருக்கிறார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

சிறை நிர்வாகங்கள் செய்யும் தவறு வேறு வகை. பயிற்சி என்று தொடங்கியது மெல்ல உற்பத்திக் கூடமாக மாறிவிடும். நன்றாகச் செய்யக்கூடியவரை ஒரே வேலையில் நிறுத்திவைத்தால் சரக்கு சீராக வரும். அவரோ கொள்முதலையும் விற்பனையையும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015-இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 99-வது விதி, சிறைத் தொழிலில் வரும் லாபத்துக்காகச் சிறைவாசிகளின் நலனையும் தொழிற்பயிற்சியையும் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்கிறது. 103-வது விதி நியாயமான கூலியைக் கேட்கிறது. கூலியில் ஒரு பகுதியைச் சேமித்து விடுதலையின்போது கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தொழில் தொடங்கப் போகிறவருக்கு அந்தச் சேமிப்புதான் முதல் மூலதனம்.

வெற்றிக் கணக்கைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். நேர்காணல் வைத்துப் பொறுக்கி எடுத்தவர்களை, அதிலும் கடைசிவரை இருந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, மற்றச் சிறைவாசிகள் அனைவரோடும் ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் அற்புதமாகத் தெரியும். கால அளவும் எண்ணை மாற்றிவிடும். அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு, 30 மாநிலங்களில் 2005-இல் விடுதலையானவர்களைத் தொடர்ந்து பார்த்தது. மூன்று ஆண்டுகளுக்குள் 68 சதவீதம் பேர் மறுபடி கைதானார்கள். ஒன்பது ஆண்டு பார்த்தபோது அது 83 ஆனது. மறுபடி கைதாவதும், தண்டனை பெறுவதும், சிறைக்குத் திரும்புவதும் வெவ்வேறு கணக்குகள். ஒரு திட்டம் தன் எண்ணைச் சொன்னால் எந்தக் கணக்கு, எத்தனை ஆண்டு, இடையில் விலகியவர்கள் சேர்த்தியா என்று கேளுங்கள்.

அதே ஆய்வில் முதல் ஆண்டுக்குள்ளேயே 44 சதவீதம் பேர் கைதாகியிருந்தார்கள். திட்டங்கள் பலவும் ஓய்ந்துபோகும் இடமும் அதுதான். பட்டமளிப்போடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மண்டேலா விதிகளில் 107-வது, விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கையைத் தண்டனையின் தொடக்கத்திலிருந்தே யோசிக்கச் சொல்கிறது. 108-வது, அடையாள ஆவணம், தங்க இடம், வேலை, உடுத்த உடை, ஊர்போய்ச் சேர வழி என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகிறது. அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாமல் வாடிக்கையாளரின் பணத்தை எங்கே வாங்குவது? அட்டைக்கான விண்ணப்பத்தைக் கடைசி வாரத்துக்கு விட்டால் முதல் சில மாதங்கள் அலுவலக வரிசைகளிலேயே போய்விடும். டெக்சாஸ் திட்டம் விடுதலையானவர்கள் தங்குவதற்கு வீடுகளும் நடத்துகிறது. எந்தத் திட்ட அறிக்கையும் அந்த வீட்டுக்கு ஈடாகாது.

வெளியே வந்தவர் செய்யும் தவறு பெரும்பாலும் அவசரம். இழந்த ஆண்டுகளை உடனே ஈடுகட்ட வேண்டும் என்று வந்த வாரமே கடன் வாங்கித் தொழில் தொடங்குவார். முதலில் ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து, மாதம் ஒரு வருமானம் வர வழிசெய்துகொண்டு, தொழிலை வார இறுதிகளில் சிறிதாக நடத்திப் பார்ப்பதே நல்லது என்பேன். குடும்பத்தினரும் இதற்குப் பழக வேண்டியிருக்கும். கூட்டத்தில் தடுமாறுவார், சின்ன முடிவுக்கும் மற்றவர் முகத்தைப் பார்ப்பார். வழிகாட்டி இந்த முதல் ஆண்டில் வாரம் ஒருமுறையாவது பேச வேண்டும். பேச்சு விற்பனையில் தொடங்க வேண்டியதில்லை. கண்காணிப்பு அதிகாரியை எந்த நாளில் பார்க்க வேண்டும் என்பதைக் கேட்டு, வாடிக்கையாளருக்கு நேரம் கொடுக்கும் முன் அதை நாட்காட்டியில் குறிக்கச் சொல்லலாம்.